இழுவைக் கப்பல்: அமைப்பும் வரலாறும்

முன்னுரை

கலத்தையும் கடலையும் பாடிய புலவர் தமிழில் பலர். பாய் விரித்துப் பொருள் தேடிச் செல்லும் நாவாயும், அதனை நடத்தும் மீகாமனும், துறைதோறும் குவிந்து கிடக்கும் பண்டங்களும் நம் இலக்கியத்தில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் பெருங்கலம் ஒன்றைத் துறைக்குள் அழைத்துவந்து சேர்த்துவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கும் சிறு கலத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். ஆங்கிலத்தில் ‘டக்’ என்றும், தமிழில் இழுவைக் கப்பல் அல்லது இழுவைப் படகு என்றும் வழங்கும் அச்சிறு கலத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மாணவர்களை அழைத்துக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்தைக் காணச் சென்றிருந்தோம். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் இருபுறமும் இழுவைக் கப்பல்கள் வடம் பூட்டி நின்றன. மலைக்குப் பக்கத்தில் மாட்டுவண்டி நிற்பது போன்ற தோற்றம். அப்போது மாணவர் ஒருவர், “ஐயா, அவ்வளவு பெரிய கப்பல் திடீரென்று ஒருபக்கம் திரும்பினால், இந்தச் சின்னக் கப்பலைக் கயிற்றோடு சேர்த்துக் கவிழ்த்துவிடாதா?” என்று கேட்டார். யாம் தமிழ் கற்பிப்போர். பொறியியல் பயின்றவர் அல்லோம். “கேட்டுச் சொல்கிறோம், தம்பி” என்று கூறி வந்துவிட்டோம். பின்னர்ப் படித்தறிந்தபோது, அம்மாணவர் கேட்ட வினாவே இழுவைக் கப்பலின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்ற வினா என்பது புலனாயிற்று. வடத்தை எங்கே கட்டுவது? உந்தும் விசையை எங்கே வைப்பது? இவ்விரண்டிற்கும் மனிதர் கண்ட விடைகளே இக்கலத்தின் அமைப்பு. அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியை இம்மலரின் வாயிலாக இன்று சொல்ல முற்படுகிறோம்.

பண்டைத் துறைகளில் இழுவை

காற்றை நம்பிச் செல்லும் பாய்க்கப்பலுக்கு நடுக்கடலைவிட ஆற்றுமுகமே அச்சம் தருவது. ஆங்கே இடம் குறுகியது, மணல்திட்டுகள் மறைந்திருக்கும், காற்று ஒருபுறம் வீச, நீரோட்டம் மறுபுறம் இழுக்கும். சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் 30ஆம் பாடலில், பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலங்கள் புகார்த் துறைக்குள் புகுந்ததைக் குறிப்பிடுகிறார். இஃது அத்துறையின் சிறப்பாகப் பாடப்படுவதால், பிற துறைகளில் கலங்கள் பாயை இறக்கியும் பாரத்தைக் குறைத்துமே உள்ளே நுழைய நேர்ந்தது என்பது உய்த்துணரத்தக்கது.

அவ்வாறு பாய் பயன்படாத இடத்தில் கலத்தை நகர்த்தியது எது? கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் இதற்கு விடை தருகிறது. பெயர் தெரியாத வணிகர் ஒருவர் எழுதிய அந்நூல், நருமதை ஆற்றின் முகத்தில் இருந்த பாருகச்சத் துறையை, அதாவது இன்றைய குசராத்தின் பரூச்சு நகரை, விளக்குகிறது. ஆங்கு அரசனின் பணியிலிருந்த மீனவர்கள், ஆட்கள் நிறைந்த நீண்ட படகுகளில் கடல்முகத்திற்கே வந்து காத்திருப்பர். அப்படகுகளின் பெயர்கள் திராப்பகா, கோத்தும்பா என்பன. வரும் கப்பல்களைத் திட்டுகளுக்கு இடையே வழிகாட்டி அழைத்துச் சென்று, கடல்நீர் ஏறும் வேளையில் இழுத்தும், வற்றும் வேளையில் நங்கூரமிட்டு நிறுத்தியும், குறித்த துறைகளில் சேர்ப்பர். ஆகவே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியக் கரையில் வழிகாட்டலும் இழுத்தலும் ஒரு முறையான தொழிலாகவும் அரசுப் பணியாகவும் நடந்தன என்று அறிகிறோம்.

அக்காலத்தில் இழுக்கும் விசை மனிதனின் தோள்வலி ஒன்றே. அவ்விசை நீராவிக்கு மாறியபோதுதான் இழுவைக் கப்பல் என்னும் தனி இனம் பிறந்தது.

நீராவியின் வருகை

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோனத்தன் ஹல்ஸ் என்பார், நீராவிப் பொறி பூட்டிய படகொன்றால் கப்பல்களைத் துறைக்குள்ளும் வெளியிலும் இழுக்கலாம் என்று கூறி 1736இல் காப்புரிமை பெற்றார். பொறியைக் கப்பலுக்குள் வைக்காமல் தனிப்படகில் வைத்து, அப்படகைக் கப்பலுக்கு முன்னே பூட்டுவது அவர் கருத்து. ஏரைச் சுமக்காமல் ஏருக்கு முன்னே மாட்டைப் பூட்டும் உழவனின் அறிவு இது. எனினும் அக்காலத்துப் பொறி கனத்தது. விறகும் நிலக்கரியும் மிகுதியாகத் தின்பது. ஆகவே அக்கருத்து நடைமுறையில் வெற்றி பெறவில்லை.

அறுபத்தேழு ஆண்டுகள் சென்றபின், 1803ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஸ்காட்லாந்தின் ஃபோர்த்து–கிளைடு கால்வாயில் வில்லியம் சிமிங்டன் அமைத்த ‘சார்லட் டண்டாஸ்’ என்னும் நீராவிப் படகு, தலைக்கு 70 டன் கொண்ட இரண்டு சரக்குப் படகுகளை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு இழுத்துச் சென்றது. எதிர்க்காற்று வலுவாக வீசிய நாள் அது. ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மேலாயிற்று. ஆனால் இழுக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் படகின் சக்கரம் எழுப்பும் அலை கால்வாயின் கரைகளை அரித்துவிடும் என்று கால்வாய்க் குழுவினர் அஞ்சினர். படகு கைவிடப்பட்டது. வலிமை மட்டும் போதாது, அவ்வலிமை பிறருக்கு ஊறு செய்யாதிருத்தலும் வேண்டும் என்னும் பாடம் இக்கலத்தின் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 1810களின் இறுதியில் இங்கிலாந்தின் டைன் ஆற்றில் நிலக்கரிக் கப்பல்களை நீராவிப் படகுகள் இழுக்கத் தொடங்கின. இந்தியாவிலும் இதன் தொடக்கம் காலத்தால் பிந்தியதன்று. கல்கத்தாவை அடுத்த கிதர்ப்பூரில் 1823இல் நீரில் இறக்கப்பட்ட ‘டயானா’ என்னும் நீராவிக் கலம், 1824இல் மூண்ட முதல் ஆங்கிலேய–பர்மியப் போரில் ஐராவதி ஆற்றில் பாய்க்கப்பல்களை இழுத்தது. 1830இல் ‘ஃபோர்ப்ஸ்’ என்னும் கலம் ‘ஜமசீனா’ என்னும் பாய்க்கப்பலைக் கல்கத்தாவிலிருந்து இழுத்துக்கொண்டே சீனக் கடல்வரை சென்றது.

இக்கால மாற்றத்தை ஒரே காட்சியில் அடக்கிக் காட்டியவர் ஓர் ஓவியர். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பெரும்புகழ் பெற்ற ‘டெமரேர்’ என்னும் 98 பீரங்கிப் போர்க்கப்பல், 1838 செப்டம்பரில் உடைப்பதற்காகத் தேம்சு ஆற்றின் வழியே இழுத்துச் செல்லப்பட்டது. டர்னர் அதனை ஓவியமாக்கி 1839இல் காட்சிக்கு வைத்தார். உண்மையில் இழுத்தவை இரு கலங்கள். ஓவியத்தில் இருப்பது ஒன்றே. வெளிறி உயர்ந்து நிற்கும் போர்க்கப்பலின் முன்னே, கரும்புகை கக்கும் குள்ளமான நீராவிப் படகு. அரசனை அவனுடைய பணியாள் கைபிடித்து இறுதிப் பயணத்திற்கு அழைத்துச் செல்வதுபோல் தோன்றும் காட்சி அது.

ஹெர்குலிஸ்: ஓர் உழைப்பாளியின் வரலாறு

பொதுவாகச் சொல்லிச் செல்வதைவிட ஒரு கலத்தின் வாழ்வைத் தொடர்ந்து நோக்கினால் தெளிவு மிகும். அதற்குத் தக்கது ‘ஹெர்குலிஸ்’. இக்கலம் 1907இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில், சான் பிரான்சிஸ்கோவின் இழுவைக் கப்பல் நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டது. நீளம் 151 அடி. அகலம் 26 அடி. நெடுங்கடலில் இழுப்பதற்கென்றே அமைந்தது.

கட்டி முடித்தவுடனேயே அதற்கு ஒரு சோதனை காத்திருந்தது. கேம்டன் இருப்பது கிழக்குக் கரையில். பணி செய்யவேண்டிய சான் பிரான்சிஸ்கோ இருப்பது மேற்குக் கரையில். பனாமாக் கால்வாய் 1914இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே தென்னமெரிக்காவின் தென்முனையிலுள்ள மகல்லன் நீரிணையைச் சுற்றியே செல்லவேண்டும். அவ்வளவு தொலைவிற்கு வேண்டிய எரிபொருளை ஒரு கலம் தானே சுமக்க இயலாது. ஹெர்குலிசுடன் பிறந்த இரட்டைக் கலம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ‘கோலியா’. விவிலியத்தில் கோலியாத்து என்றும் திருக்குர்ஆனில் ஜாலூத் என்றும் வழங்கும் பெருவீரனின் பெயர் அது. எரிபொருளையும் நீரையும் உணவுப் பொருள்களையும் கோலியாவில் ஏற்றி, அதனை ஹெர்குலிஸ் இழுத்துச் சென்றது. ஒன்று உழைக்க, மற்றொன்று ஊட்ட, இரண்டும் சேர்ந்து கரை கண்டன.

ஹெர்குலிசின் உள்ளே இருந்தது மும்மடி விரிவு நீராவிப் பொறி. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உருளையில் தன் முழு அழுத்தத்துடன் உழைக்கும். பின்னர் சற்றுப் பெரிய உருளையில் உழைக்கும். இறுதியில் மிகப் பெரிய உருளையில் எஞ்சிய விசையையும் தந்துவிட்டு வெளியேறும். கரும்பை மும்முறை ஆலையில் இட்டுச் சாறு பிழிவதைப் போன்றது இது. நெடுந்தொலைவு இழுப்போர்க்கு எரிபொருட் சிக்கனமே உயிர். அதனை இப்பொறி அளித்தது.

பசிபிக் கரையில் வடமேற்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். ஆதலால் பாய்க்கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே செல்வது பெரும்பாடு. ஹெர்குலிஸ் அவற்றை வடக்கே இழுத்துச் செல்லும். திரும்பும்போது வடபுலத்துக் காட்டுமரங்களைப் பெருந்தெப்பங்களாகக் கட்டித் தெற்கேயுள்ள அறுவை ஆலைகளுக்கு இழுத்துவரும். பனாமாக் கால்வாய் கட்டப்பட்டபோது, அதன் நீர்ப்பூட்டு வாயிலை அடைப்பதற்கான மாபெரும் மிதவை அமைப்பொன்றை அவ்விடம் கொண்டு சேர்த்ததும் இதுவே. கால்வாய் இன்மையால் ஒரு கண்டத்தையே சுற்றிவந்த கலம், பின்வருவோர் சுற்றாதிருக்கத் தன் பங்கைச் செய்தது.

1924இல் இருப்புப்பாதை நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. அதன்பின் நெடுங்கடல் இல்லை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, இரயில் பெட்டிகளைச் சுமந்த மிதவைகளை நாள்தோறும் கொண்டு செல்லும் பணி. 1960களின் தொடக்கத்தில் அதன் உழைப்பு முடிந்தது. உடைக்கும் கூடத்திற்குச் செல்லாமல் தப்பிய அக்கலம் 1970களில் அருங்காட்சிக் கலமாயிற்று. 1986இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

உடலமைப்பும் இழுவிசையும்

இனி, இக்கலத்தின் அமைப்பைக் காண்போம். கரையோர மக்கள் கலத்தின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் வழங்குவர். பழைய இழுவைக் கப்பலின் அணியம் உயர்ந்திருக்கும், அலையைப் பிளக்க. அமரத்தின் தளம் தாழ்ந்து திறந்திருக்கும், வடம் தடையின்றி இருபுறமும் அசைய. நீளத்தை நோக்க அகலம் மிகுதி. கவிழாதிருக்க அது வேண்டும். மாலுமி நிற்கும் அறை உயரத்தில், நாற்புறமும் கண்ணாடியுடன் இருக்கும். பெரிய கப்பலின் விளிம்பை அண்ணாந்து பார்க்க வேண்டியிருப்பதால், மேல்நோக்கிய சாளரங்களும் வைப்பர். உடலைச் சுற்றிலும் முற்காலத்தில் கயிற்றுத் திரணைகளும், பிற்காலத்தில் பழைய டயர்களும் இரப்பர் மெத்தைகளும் கட்டப்பட்டன. இழுப்பது மட்டுமன்று, தள்ளுவதும் இதன் தொழில். மிதவையை விலாவோடு விலாவாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு செல்வதும் உண்டு.

இதன் ஆற்றலைக் குதிரைத்திறனால் மட்டும் அளப்பது பொருந்தாது. கரையிலுள்ள கட்டுத்தூணில் வடத்தைப் பூட்டி, நடுவே விசைமானி ஒன்றை வைத்து, பொறியை முழு வேகத்தில் இயக்குவர். கலம் நகராது, வடம் விறைக்கும், விசைமானி காட்டும் டன் அளவே அக்கலத்தின் இழுவிசை. ஓடாமல் நின்ற இடத்திலேயே அளக்கப்படும் ஆற்றல் இது. இன்றைய துறைமுக இழுவைக் கப்பல்கள் பல, 30 மீட்டர் அளவு நீளமே உடையனவாயினும், 50 முதல் 80 டன் வரை இழுவிசை கொண்டவை.

இவ்விசையைப் பெருக்கியதில் ஜெர்மானியப் பொறியாளர் லுட்விக் கோர்ட்டுக்குப் பங்குண்டு. நீரைப் பின்தள்ளிக் கலத்தை முன்செலுத்தும் உந்துசுழலியைச் சுற்றி வளையம் போன்ற ஓர் உறையை அமைத்தார் அவர். 1930களில் பரவிய இவ்வுறையின் முதல் நோக்கம், கால்வாய்க் கரைகள் அலையால் அரிக்கப்படாமல் காப்பதே. ஆனால் மெதுவாகச் செல்லும்போது இழுவிசையும் கணிசமாகக் கூடுவது கண்டறியப்பட்டது. சார்லட் டண்டாசைக் கைவிடச் செய்த அதே அச்சம், ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப்பின் இழுவைக் கப்பலுக்கு வலிமை சேர்த்தது நினைக்கத்தக்கது.

வடம் எங்கே?

மாணவரின் வினாவிற்கு வருவோம். பழைய அமைப்பில் உந்துசுழலியும் சுக்கானும் அமரத்தின் அடியில் இருக்கும். வடத்தையும் அமரத்தின் கடைக்கோடியிலேயே கட்டினால் என்ன ஆகும்? பின்னே வரும் பெருங்கலத்தின் பாரம் அமரத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். கலம் திரும்பவேண்டுமாயின் அமரம் ஒருபுறம் ஒதுங்கவேண்டும். அது கட்டுண்டு கிடந்தால் சுக்கான் பயனற்றுப் போகும். வாலைப் பிடித்துக்கொண்டால் மாடு திரும்ப முடியாததுபோல. ஆகவே வடம் பூட்டும் கொக்கியைக் கலத்தின் நடுப்பகுதிக்குச் சற்றே பின்னால் வைத்தனர். அப்போது கலம் அக்கொக்கியை அச்சாகக் கொண்டு எளிதில் திரும்பும்.

ஆனால் எளிதில் திரும்பும் இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. பெருங்கலம் வேகம் மிகுந்தோ திசை மாறியோ சென்று, வடம் பின்னோக்கி இல்லாமல் குறுக்காக வந்துவிட்டால், இழுவிசை முழுவதும் கலத்தின் விலாவில் விழும். கொக்கி நீர்மட்டத்திற்கு மேலே இருப்பதால் அவ்விசை கலத்தைச் சாய்க்கும். தளத்தின் விளிம்பு நீரில் அமிழும். திறந்திருக்கும் கதவு வழியே நீர் புகும். நொடிகளில் கலம் கவிழும். வேகம் இரு மடங்கானால் நீரின் தாக்குவிசை நான்கு மடங்காகும் என்பதால், மாலுமிக்கு எண்ணிப் பார்க்கவும் நேரம் இராது. மாணவர் அஞ்சியது வெற்று அச்சம் அன்று.

இதனைத் தடுக்க மூன்று வழிகள் கண்டனர். ஒன்று, இழுக்கும்போது கதவுகளையும் தளத்து வாய்களையும் மூடிவைத்தல். இரண்டு, துணைக்கயிறு ஒன்றால் வடத்தை அமரத்தோடு தாழ்த்திப் பிணித்து, அது குறுக்கே வராமல் செய்தல். மூன்று, ஆபத்தில் ஒரு நொடியில் வடத்தை விடுவிக்கும் கொக்கி. இம்மூன்றில் இறுதியானதே உயிர்காக்கும் கடைசி வாயில்.

அது தவறினால் விளைவு என்ன என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. 2007 டிசம்பர் 19 அன்று, ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றில் அடர்ந்த மூடுபனி. ‘ரெட் ஜாஸ்மின்’ என்னும் சரக்குக் கப்பலை இழுத்துச் சென்ற ‘ஃபிளையிங் ஃபேன்டம்’ என்னும் இழுவைக் கப்பல், வடத்தால் பக்கவாட்டில் இழுக்கப்பட்டுக் கவிழ்ந்தது. கவிழ்வதைத் தடுக்கும் விரைவில் வடம் விடுபடவில்லை. கலத்தில் இருந்த நால்வரில் மூவர் மாண்டனர். ஒருவர் மட்டும் பிழைத்தார். முதல் நீராவி இழுவை நடந்த கால்வாய் வந்து கலக்கும் அதே கிளைடு ஆற்றில், இருநூறு ஆண்டு அறிவு திரண்ட பின்னும் இது நிகழ்ந்தது.

இடம் மாறிய உந்துவிசை

வடத்தின் இடத்தை மாற்றியது போதாது என்று கண்டவர்கள் உந்துவிசையின் இடத்தையே மாற்றினர். ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் புதியதோர் உந்தியை வகுத்தார். ஜெர்மனியின் ஃபாய்த் நிறுவனம் அதனைப் பொருத்திய சோதனைப் படகை 1928இல் ஓடவிட்டது. கலத்தின் அடியில் வட்டத்தட்டு ஒன்று சுழலும். அதிலிருந்து கத்தி போன்ற இதழ்கள் நேர்கீழாகத் தொங்கும். சுழலும்போதே ஒவ்வோர் இதழின் சாய்வும் மாறிக்கொண்டிருக்கும். சாய்வை மாற்றினால் விசை எத்திசையிலும் உடனே திரும்பும். சுக்கானே வேண்டுவதில்லை.

1950களில் இவ்வுந்தியை அணியத்தின் பக்கமாக அடியில் வைத்து, வடத்தை அமரத்தில் பூட்டும் கலங்கள் உருவாயின. இவற்றில் விசை முன்னே, வடம் பின்னே. பெருங்கலம் வேகமாக இழுத்தாலும், சிறு கலம் குறுக்கே கிடந்து கவிழாமல், வடத்தின் போக்கிலேயே தானாகத் திரும்பி நேராகும் இயல்புடையது. பின்னர் வந்த மற்றொரு வகையில், முழு வட்டமாகத் திரும்பக்கூடிய இரு உந்துசுழலிகள் அமரத்தின் அடியில் இருக்கும். வடம் அணியத்திலுள்ள உருளையிலிருந்து செல்லும். இங்கு விசை பின்னே, வடம் முன்னே. தோற்றத்தில் இவ்விரு வகைகளும் எதிரெதிர், நெறி ஒன்றே. உந்தும் இடமும் பிடிக்கும் இடமும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கவேண்டும். இன்று உலகத் துறைமுகங்களில் பெரும்பாலும் காணப்படுவன இவையே. இவற்றாலும் ஆபத்து அடியோடு ஒழிந்துவிடவில்லை. மாலுமியின் விழிப்பும், விடுவிக்கும் கருவியின் பழுதின்மையும் இன்றும் இன்றியமையாதவை.

உடன் செல்வதன் பயன்

இழுவைக் கப்பலின் மதிப்பை உலகம் உணர்வது பெரும்பாலும் இடர் வந்தபோதுதான். 1989 மார்ச்சு 24 அன்று ‘எக்ஸான் வால்டெஸ்’ என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், அப்பகுதியில் செல்லும் ஒற்றைச்சுவர் எண்ணெய்க் கப்பல்களோடு இரு துணைக்கலங்கள் உடன் செல்லவேண்டும் என்று விதித்தது.

2021 மார்ச்சு 23 அன்று, 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ சூயெசுக் கால்வாயில் குறுக்காகச் சிக்கியது. உலக வணிகமே மூச்சுத் திணறியது. மணலைத் தோண்டும் கலங்களும், பத்துக்கும் மேற்பட்ட இழுவைக் கப்பல்களும், முழுநிலவின் ஓதமும் சேர்ந்து 29ஆம் நாள் அதனை மிதக்கவிட்டன. அவற்றுள் 285 டன் இழுவிசை கொண்ட டச்சுக் கலமும் ஒன்று. பழைய பாருகச்சத்து மீனவர்கள் நீர் ஏறும் வேளையை எதிர்நோக்கிய அதே அறிவு, இவ்வளவு பொறிகளுக்கு நடுவிலும் தேவைப்பட்டது.

2024 மார்ச்சு 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறையிலிருந்து ‘டாலி’ என்னும் 300 மீட்டர்க் கப்பல் புறப்பட்டது. இரு இழுவைக் கப்பல்கள் அதனைத் துறைமேடையிலிருந்து பிரித்துவிட்டு, வழக்கம்போல் வடத்தை அவிழ்த்துத் திரும்பின. சற்று நேரத்தில் கப்பலில் மின்சாரம் அற்றது. சுக்கானும் பொறியும் செயலிழந்தன. கப்பல் பாலத்தூணில் மோத, பாலம் இடிந்து, அதன்மேல் இரவுப் பணியில் இருந்த தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். உடன் சென்றிருந்தால் இழுவைக் கப்பல்கள் அவ்விபத்தைத் தடுத்திருக்கும் என்று உறுதியாகக் கூற எமக்கு இயலாது. ஆயினும் எதுவரை உடன் செல்லவேண்டும் என்னும் வினாவை அந்நிகழ்ச்சி உலகத் துறைமுகங்கள் அனைத்திற்கும் விட்டுச் சென்றது.

முடிவுரை

மனிதத் தோள், நீராவி, டீசல் என்று மாறிவந்த விசை மீண்டும் மாறுகிறது. 2022இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துத் துறைமுகத்தில், முழுவதும் மின்கலத்தால் இயங்கும் 70 டன் இழுவிசைக் கலம் பணிக்கு வந்தது. இந்திய அரசு 2024இல் பசுமை இழுவைக் கப்பல் திட்டத்தைத் தொடங்கி, அதன் முதற்கட்டத்திற்குத் தேர்ந்த நான்கு துறைமுகங்களுள் தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தையும் சேர்த்தது. நம் கடற்கரை ஊர்களிலிருந்து கல்வி கற்க வரும் இளைஞர்கள் இத்துறையில் காலூன்ற வாய்ப்புகள் உண்டு. கடல் நம் முன்னோர்க்கு அயலானதன்று. அதன் புதிய மொழியை நாம் கற்றுக்கொள்ளவேண்டும்.

அன்று வினவிய மாணவர்க்கு இப்போது மறுமொழி கூறுவோம். ஆம் தம்பி, கவிழ்த்துவிடும், கவிழ்த்தும் இருக்கிறது. அவ்வாறு கவிழாதிருக்கவே, வடம் பூட்டும் இடத்தை மனிதர் இருநூறு ஆண்டுகளாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தனர். பிறரைத் தாங்கப் புறப்படுவோன் முதலில் தான் நிற்கும் இடத்தை அறியவேண்டும். பற்றவேண்டிய பொழுதில் பற்றவும், விடவேண்டிய பொழுதில் விடவும் கற்றிருக்கவேண்டும். துறை சேர்ந்த கப்பலின் பெயர் ஏட்டில் எழுதப்படும். சேர்த்த கலம் அடுத்த கப்பலை நோக்கித் திரும்பிவிடும். அடுத்த முறை துறைமுகம் செல்லும்போது, பெரிய கப்பலைப் பார்த்தபின் சிறிய கலத்தையும் சற்றே நின்று பாருங்கள். அதன் வடம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பலருடைய உழைப்பும் சிலருடைய உயிரும் அவ்விடத்தை நமக்குக் காட்டித் தந்தன.